ப்ரூஃப்: ஒரு காசுச் சொல்லும் அதன் தமிழும்

தக்கலையில் ஒரு கல்யாண வீடு. பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே சக்கரம் என்ற பழைய திருவிதாங்கூர்ச் செம்புக் காசு. ஒரு பக்கம் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் முகம், மறுபக்கம் சங்கு. புதுச் செப்புக்குடம்போல மின்னியது. “ப்ரூஃப் காசாக்கும் மக்கா, இதுல நீ முகமே பாத்துக்கலாம்” என்றார். பக்கத்திலிருந்த அத்தைக்குச் சிரிப்பு. “நேத்துதான் நான் புளி போட்டு வெளக்கினேன்.”

திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டம் இது. அதனால் பழைய வீட்டுப் பெட்டிகளில் சக்கரமும் காசும் இன்னும் அகப்படும். கூடவே இந்த ‘ப்ரூஃப்’ என்ற சொல்லும் இப்போது ஊருக்குள் புழங்குகிறது, பெரும்பாலும் ‘நல்லாப் பளபளப்பான காசு’ என்ற பொருளில். அந்தப் பொருள் தவறு.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ப்ரோபாரே’ என்றால் சோதித்துப் பார்த்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ப்ரூஃப்’ ஆயிற்று. அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க நாணயச்சாலையில் முதலில் கவனமாக அடித்தெடுத்த காசுக்குத்தான் ஆதியில் இந்தப் பெயர். நம் சொல்லில் அது ‘பதம்’. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு எதுவோ, ஆயிரம் காசுக்கு அந்த ஒரு காசு. சோதிக்கும் ஆளுக்கும் நம்மிடம் பழைய பெயர் உண்டு: வண்ணக்கன். சங்கப் புலவர்களிலேயே வடவண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்று தொழிலைப் பெயரோடு சுமந்தவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்குக் காசுக்குத் தரம் போடும் நிறுவனங்கள் செய்வதும் ஏறத்தாழ வண்ணக்கர் வேலைதான்.

பிறகு சொல் நகர்ந்துவிட்டது. இன்று ப்ரூஃப் என்பது சோதனைக் காசு அல்ல. சேகரிப்பாளருக்காகவே தனிப் பக்குவத்தில் அடிக்கும் காசு. காசை அடிக்கும் அச்சையும் மெருகேற்றுவார்கள், காசாகப்போகும் உலோக வில்லையையும் மெருகேற்றுவார்கள். ஒருமுறைக்கு மேல், மெதுவாக, கூடுதல் அழுத்தத்தில் அடிப்பார்கள். அடித்ததைச் சாக்கில் கொட்டாமல் கையால் எடுத்து வைப்பார்கள். நாகர்கோவிலின் எம்.பி.யாக இருந்த காமராஜருக்கு 2003-இல் நூற்றாண்டு நாணயம் வந்ததே, அதில் 5 ரூபாய் நம் கையில் புழங்கியது. 100 ரூபாயோ சேகரிப்பாளருக்கான பெட்டித் தொகுப்பில் மட்டும் வந்தது. அதை வைத்து யாரும் பஸ் டிக்கெட் எடுத்திருக்க முடியாது.

ஆக, ப்ரூஃப் ஒரு தரம் அல்ல, தயாரிப்பு முறை. தரம் என்பது ஷெல்டன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் 1949-இல் அமெரிக்கப் பழைய செம்புக் காசுகளுக்கு வகுத்து, பின்னால் எல்லாக் காசுக்கும் பரவிய 1 முதல் 70 வரையான எண். கீறி, தேய்ந்து 50-க்கு இறங்கிவிட்ட ப்ரூஃபும் ப்ரூஃப்தான்.

தமிழில் என்ன சொல்வது? ‘சான்று நாணயம்’ என்று எழுதுகிறவர்கள் அகராதியில் முதல் பொருளை மட்டும் பார்த்தவர்கள். எதற்குச் சான்று என்று கேட்டால் பதில் இருக்காது. அச்சகத்தார் ‘ப்ரூஃப்’புக்கு வைத்திருக்கும் ‘மெய்ப்பு’ அருமையான சொல். ஆனால் அங்கே மெய்ப்பு என்பது பிழை திருத்தக் கொடுக்கும் தாள்; இங்கே பிழையே இருக்கக்கூடாத காசு. இரண்டும் நேரெதிர். ‘மெருகடி’ என்று வைக்கலாமே என்று நானே கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 1902-இல் ஏழாம் எட்வர்டு முடிசூட்டுக்கு லண்டனில் அடித்த ப்ரூஃப்கள் அதைக் கவிழ்த்துவிட்டன. அவற்றில் மெருகே கிடையாது. முகம் முழுக்க மங்கல், மேட். பளபளப்பு இல்லாமலும் ப்ரூஃப் உண்டு என்றால் பெயரில் மெருகு இருக்கக்கூடாது.

காசு ‘அடிப்பது’ என்றுதான் நாம் சொல்கிறோம். அதனால் ‘தனியடிக் காசு’ போதும். சாதாரணமாகப் புழங்க அடிப்பது ‘புழக்க அடி’. (சேர்த்து எழுதினால் புழக்கடை ஞாபகம் வருகிறது. பிரித்தே எழுதுவோம்.)

அடுத்த சிக்கல் ‘ப்ரூஃப்லைக்’. புழங்குவதற்காக அடித்த காசுதான். ஆனால் அச்சு அப்போதுதான் மெருகேறி வந்திருந்ததால் முதலில் விழுந்த சில காசுகள் கண்ணாடிபோல அமைந்துவிடும். மார்கன் டாலர் என்ற பழைய அமெரிக்க வெள்ளிக் காசில் இதற்குத் தனி மவுசு. அச்செழுத்தைக் காசுக்கு எதிரே பிடித்து, எவ்வளவு தூரம் வரை பிம்பம் தெளிவாக விழுகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு முதல் நான்கு அங்குலம் என்றால் ப்ரூஃப்லைக். ஆறைத் தாண்டினால் ‘டீப் மிரர்’. இதை ‘ப்ரூஃப் போலி’ என்று மொழிபெயர்த்தால் இலக்கணப்படி குற்றமில்லை, ஐந்து அஞ்சாவதும் போலிதானே. ஆனால் காசுக் கடையில் ‘போலி’ என்று வாய் திறந்தால் வியாபாரம் அத்தோடு முடிந்தது. ‘ஆடிமுகம்’ என்பேன். ஆடி என்றால் கண்ணாடி. தனியடி என்பது அடித்த விதம், ஆடிமுகம் என்பது விழுந்த முகம். இரண்டையும் குழப்பாமல் இருக்கத்தான் இத்தனை பாடும்.

‘கேமியோ’ நகைக்கல் செதுக்குவோரிடமிருந்து வந்த சொல். ஒரு நிறத் தளத்தின் மேல் வேறு நிறத்தில் புடைத்து நிற்கும் உருவம். காசில் தளம் கண்ணாடியாகக் கறுத்துத் தெரிய, உருவம் மட்டும் வெண்மங்கலாக எழும். ஆங்கிலத்தில் இதை உறைபனியோடு ஒப்பிடுவார்கள். உறைபனி விழாத ஊர் நமக்கு, நீறு தெரியும். ‘நீற்றுப்புடைப்பு’ என்றால் கண்ணில் நிற்கும். பழைய அச்சுகளில் அந்த நீறு சில அடிகளிலேயே தேய்ந்துவிடும். அதனால்தான் பழைய தனியடிகளில் இது அபூர்வம்.

காசில் பொறித்த மணியின் கோடு முழுசா, கட்டடத்தின் படிக்கட்டு முழுசா என்று அமெரிக்கக் காசுகளுக்கு இன்னும் சில அடைமொழிகள் உண்டு. நம் பெட்டிகளுக்கு அவை தேவைப்படாது. செம்பின் நிறக்குறி தேவைப்படும். பிறந்த சிவப்பு ஏறக்குறைய முழுக்க நின்றால் ‘சிவப்பு’, பாதி போனால் ‘செம்பழுப்பு’, போய்விட்டால் ‘பழுப்பு’. நிறம் தானாக மாறியிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. புளி பட்ட செம்பு சிவப்பாகத்தான் தெரியும், ஆனால் அது பிறந்த சிவப்பு அல்ல. அடிக்கும்போது உலோகம் ஓடிய நுண்கோடுகளும், காசைத் திருப்பினால் சுழலும் ஒளியும் தேய்ப்பில் போய்விடும். அப்படி வந்த காசுக்குத் தர நிறுவனங்கள் வழக்கமாக எண் போடுவதில்லை. ‘கிளீன்டு’ என்று எழுதித் திருப்பிவிடும்.

இதையெல்லாம் பந்தியில் சோறு வரும் வரை சொல்லி முடித்தேன். அவர் காசைத் திரும்பப் பொட்டலம் கட்டினார். “அப்போ இதுக்கு உன் தமிழ்ல என்ன பேரு?”

நான் யோசிப்பதற்குள் அத்தை சொன்னார்: “வெளக்கின காசு.”