சிகிச்சை முடிந்து பயிற்சி தொடங்கும் இடம்: மாற்றுத்திறனாளிகளும் டிரெஸ்ஸாஜ் போட்டியும்

என்னிடம் வருகிறவர்கள் வழக்கமாக வலியைச் சொல்வார்கள், இறுக்கத்தைச் சொல்வார்கள். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டியில் நடுவர் எழுதிக் கொடுத்த மதிப்பெண் தாள். அதில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். நிறுத்தம், இடது பின்னங்கால் பின்தங்கியது, 5.5. "குதிரைமேல் தப்பில்லை. என் இடுப்பு கோணலாக உட்காருகிறது. அதைச் சரிசெய்ய வேண்டும்."

நான் இங்கிலாந்தில் நரம்பியல் பாதிப்புள்ள பெரியவர்களுக்குப் பிசியோதெரபி செய்கிறேன். அவருக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். உடலின் வலப்பக்கம் இறுகியிருக்கும். ஓராண்டுக்கு முன்பே அவரைப் பரிசோதித்து எழுதிய குறிப்பு என் கோப்பில் இருந்தது. "குதிரையேற்றம்: பொழுதுபோக்கு" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு சொல்லால் அவருக்கு ஓராண்டு வீணாகிவிட்டது. பொழுதுபோக்கு என்று எழுதியதால் பொதுவான நீட்சிப் பயிற்சிகளைக் கொடுத்து அனுப்பியிருந்தேன். போட்டியாளர் என்று எழுதியிருந்தால் முதல் நாளே சேணத்தில் எப்படி உட்காருகிறார் என்று பார்த்திருப்பேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த வருத்தம்தான்.

டிரெஸ்ஸாஜ் என்பது குறித்த ஒரு களத்தில், சுற்றிலும் அடையாளமாக வைத்த எழுத்துகளுக்கு இடையில், முன்பே வகுத்த அசைவுகளைக் குதிரையும் அதை ஓட்டுபவரும் செய்து காட்டுவது. ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். தாண்டுவதற்குத் தடை கிடையாது, பந்தய வேகமும் கிடையாது. ஓட்டுபவர் ஒன்றுமே செய்யாததுபோல் இருக்க வேண்டும், குதிரை எல்லாவற்றையும் செய்ய வேண்டும். கால் வலுவில்லாத ஒருவர் இதில் வெல்ல முடியும் என்பது புதுச் செய்தியும் அல்ல. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் 1944இல், கருவுற்றிருந்த நேரத்தில், போலியோவால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகப் பெண்கள் டிரெஸ்ஸாஜில் ஆண்களோடு போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். ஏறவும் இறங்கவும் பிறர் தூக்கிவிட வேண்டியிருந்த ஹார்டெல் அங்கே ஜூபிலி என்ற குதிரையில் வெள்ளி வென்றார். 1956இல் மறுபடியும் வெள்ளி. மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு எதுவும் அப்போது இல்லை.

பாராலிம்பிக்கில் இந்த விளையாட்டு 1996 அட்லாண்டாவிலிருந்து தொடர்ந்து இடம்பெறுகிறது. ஆணும் பெண்ணும் ஒரே பிரிவில் மோதுகிறார்கள். கிரேடு ஒன்று முதல் ஐந்து வரை வகைகள் உண்டு. பாதிப்பு மிகக் கடுமையாக இருப்பவர்கள் கிரேடு ஒன்று. அவர்கள் நடையில் மட்டும் ஓட்டுவார்கள். இரண்டிலும் மூன்றிலும் நடையோடு டிராட் என்ற துள்ளு ஓட்டம் சேரும். நான்காவதில் அதைவிட வேகமான கேன்டர் என்ற பாய்ச்சல் வரும். ஐந்தில் பக்கவாட்டு அசைவுகளும் உண்டு.

"நடை மட்டும்தானே" என்று மருத்துவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். குதிரையோடு பழகியவர்களைக் கேளுங்கள்: கெடுப்பதற்கு மிக எளிது நடை, கெட்டால் சீராக்க மிகக் கடினமானதும் நடை. நான்கு குளம்பும் தனித்தனியாக, சம இடைவெளியில் தரையில் விழ வேண்டும். ஓட்டுபவரின் உடலில் ஒரு பதற்றம் வந்தால் போதும், ஒரே பக்கத்து இரு கால்களும் சேர்ந்து நகரத் தொடங்கிவிடும். டிராட்டில் வேகம் சில குறைகளை மறைத்துவிடும். நடையில் மறைக்க இடமே இல்லை. சலுகை முழுவதும் கிரேடு பிரிக்கும்போதே தரப்பட்டுவிடுகிறது. களத்துக்குள் வந்தபின், பாவம் என்று அரை மதிப்பெண்கூட யாரும் கூட்டிப் போடுவதில்லை.

சிங்கப்பூரின் லாரன்ஷியா டான் பெருமூளை வாதத்தோடும் ஆழ்ந்த செவிட்டுத்தன்மையோடும் வாழ்பவர். குழந்தையாக இருந்தபோது அவர் குதிரை ஏறியது பிசியோதெரபிக்காகத்தான். 2008இல், ஹாங்காங்கில் நடந்த பாராலிம்பிக் குதிரையேற்றத்தில், மிகக் கடுமையான பாதிப்புள்ளோர் பிரிவில் இரண்டு வெண்கலம் வென்றார். சிங்கப்பூருக்குப் பாராலிம்பிக்கில் கிடைத்த முதல் பதக்கங்கள் அவை. 2012 லண்டனில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும். இரண்டு முறையும் ஒரு பதக்கம், இசைக்கேற்ப அசைவுகளை அமைக்கும் ஃப்ரீஸ்டைலில் வந்தது. சிகிச்சைக்காக ஏறிய பிள்ளை எப்போது விளையாட்டு வீராங்கனை ஆனார் என்று ஒரு தேதியை யாராலும் குறிக்க முடியாது. அந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டிய வேலை எங்களுடையது. பல நேரம் நாங்கள் கவனிப்பதில்லை.

கிரேடு எப்படி முடிவாகிறது என்பதைக் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது. இதற்கென்று பயிற்சி பெற்ற மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ பரிசோதிப்பார். பெரும்பகுதி குதிரைமேல் அல்ல, பரிசோதனைக் கட்டிலில்தான் நடக்கும். தசை வலு, மூட்டு எவ்வளவு மடங்குகிறது, ஒருங்கிணைப்பு எப்படி என்று ஒவ்வொன்றாக அளப்பார்கள். பாதிப்பு நிரந்தரமானதாகவும் அளக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வலி மட்டும் இருந்தால் கணக்கில் வராது. மூட்டுகள் அளவுக்கு மீறி நெகிழ்வதும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் வலியோடு ஓட்டியவர்கள் இதைக் கேட்டு என் முன்னால் அழுதிருக்கிறார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த ஏமாற்றம் சற்றுக் குறைந்திருக்கும். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் போல நாளாக நாளாக மாறும் நோய் உள்ளவர்களுக்கு மறுபரிசோதனை வரும். ஒரு முறை கிடைத்த கிரேடு வாழ்நாள் முழுக்க நிலைக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

துணைக்கருவிகளுக்கும் விதி உண்டு. விரல் மடங்காதவருக்குக் கடிவாள வாரில் வளையங்கள் தைத்துக் கொடுக்கலாம். கால் அழுத்தம் தர முடியாதவர் இரண்டு சாட்டைகளை, அடிப்பதற்கல்ல, காலுக்குப் பதிலாகத் தொட்டு உணர்த்த வைத்துக்கொள்ளலாம். பாதம் நழுவாமல் அங்கவடியில் ரப்பர் பட்டை போடலாம். கை தூக்க முடியாதவர் தலையசைத்து வணங்கலாம். பார்வையற்றவருக்குக் களத்தைச் சுற்றி நிற்பவர்கள் எழுத்துகளைக் கூவிச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் முன் அனுமதி வேண்டும், எழுத்தில். ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது: ஆளைச் சேணத்தோடு கட்டிவைப்பது. விழும்போது உடல் குதிரையிலிருந்து விடுபட்டாக வேண்டும். வீட்டில் பயிற்சி செய்யும்போது "பாதுகாப்புக்காக" வாரால் இறுக்கிக் கட்டியிருந்த ஒருவரை நான் பார்த்தேன். அவிழ்த்த பிறகுதான் என் கை நடுக்கம் நின்றது.

போன ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பாட்டி, பேரனோடு வந்திருந்தார். குதிரை பற்றிப் பேச்செடுத்ததுமே, "என்ன பிள்ளை நீர் சொல்லுறீர், நடக்கவே ஏலாத பிள்ளையைக் குதிரையில ஏத்துறதோ?" என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு, ஓட்டுபவரின் இடுப்பை நாம் நடக்கும்போது அசைவதுபோலவே முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைக்கிறது. குதிரையின் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதால் தொடையின் உட்புறத் தசைகள் மெல்ல இளகும். நடக்க முடியாத பிள்ளையின் இடுப்புக்கு நடையின் தாளம் அங்கே கிடைக்கிறது. இதைச் சொல்லிவிட்டு உண்மையான அபாயங்களையும் சொன்னேன். பெருமூளை வாதமுள்ள பிள்ளைக்கு முதலில் இடுப்பு எக்ஸ்ரே வேண்டும். தொடை எலும்பின் தலை குழியை விட்டு 30 சதவீதத்துக்கு மேல் நகர்ந்திருந்தால் எலும்பு மருத்துவர் பார்க்காமல் ஏற்றக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கட்டுப்படாத வலிப்பு இருந்தால் பொறுத்திருக்க வேண்டும். தண்டுவடம் பாதித்து உணர்ச்சி இல்லாதவர்களுக்கு, ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் உட்காரும் இடத்துத் தோலைப் பார்க்க வேண்டும். சேணத்தின் ஒரு தையல் மடிப்புகூட அங்கே புண்ணாக்கிவிடும்.

மருந்து விஷயத்தில் போட்டியாளர்கள் இரண்டு உடல்களுக்குப் பொறுப்பு. தசை இறுக்கத்துக்குத் தரப்படும் பேக்லோஃபென் விளையாட்டில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. கஞ்சாச் செடியின் போதைப்பொருளான டிஎச்சி கலந்த ஸ்ப்ரேயை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தாலும், போட்டிக்கு முன் விதிவிலக்கு அனுமதி வாங்கியாக வேண்டும். அடுத்தது குதிரை. நரம்பு வலிக்குத் தடவும் சில களிம்புகளில் கேப்சைசின் இருக்கிறது. மிளகாய்க்குக் காரம் தருவது அதுதான். குதிரைக்கு அது தடைசெய்யப்பட்ட பொருள். 2008 ஒலிம்பிக்கின் குதிரையேற்றத்தில் சில குதிரைகளிடம் அது கண்டுபிடிக்கப்பட்டுப் பெரிய சர்ச்சையானது. களிம்பு தடவிய கையோடு குதிரையின் காலை நீவிவிடும் பழக்கம் எவ்வளவு இயல்பானது என்று யோசித்துப் பாருங்கள். மருந்துச் சீட்டு எழுதும் எந்த மருத்துவரும் நோயாளியிடம் குதிரை இருக்கிறதா என்று கேட்பதில்லை. நான் இப்போது கேட்கிறேன்.

அந்தப் பெண்ணோடு நாங்கள் செய்த வேலை எளிமையானது, ஆனால் சலிப்பூட்டுவது. வலது விலாப்பக்கம் சுருங்கியிருந்ததால் எடை முழுவதும் இடது உட்காரும் எலும்பில் விழுந்தது. அந்தச் சுமையோடு குதிரையால் நேராக நிற்க முடியவில்லை. மரச்சட்டத்தில் ஏற்றிய சேணம் ஒன்றைச் சிகிச்சை அறைக்கே கொண்டுவந்தோம். எதிரே கண்ணாடி. வலது இடுப்பை நீட்டிவிட்டு, மூச்சை வெளியே விடும்போது வலப்பக்கத்தை நீளவிடச் சொன்னேன். குளிரிலும் பதற்றத்திலும் இறுக்கம் கூடும் என்பதால், போட்டி நாளில் ஏறுவதற்கு 20 நிமிடத்துக்கு முன் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். குதிரையின் பயிற்சியாளரும் இரண்டு முறை வந்து உட்கார்ந்து பார்த்தார். நான் உடலைச் சொன்னேன், அவர் குதிரையைச் சொன்னார். அந்த மாதிரி ஒரு பேச்சை இத்தனை ஆண்டு வேலையில் அதற்கு முன் நான் ஒருபோதும் பேசியதில்லை.

கோடையில் புதிய தாளோடு வந்தார். நிறுத்தத்துக்கு 7. அதைப் பார்த்து நான் மகிழ்ந்துகொண்டிருக்க, அவர் விரல் ஏற்கெனவே நான்கு வரி கீழே போயிருந்தது. வலப்பக்க வட்டம், உள்ளே சரிகிறது, 5.5.

கண்ணாடியைச் சேணத்தின் மறுபக்கத்துக்கு நகர்த்தினேன்.