ஓட்டைகளை எண்ணும் படிப்பு

தடுப்பூசி ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேரும் மாணவரிடம் முதல் நாளே வைரஸைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் வெறும் தண்ணீர்தான். திரவத்தை உறிஞ்சி அளந்து விடும் பிப்பெட் என்ற கருவியால் 100 மைக்ரோலிட்டர் எடுத்துத் தராசில் விட்டால் 100 மில்லிகிராம் காட்ட வேண்டும். 93 காட்டினால் கை இன்னும் பழகவில்லை என்று அர்த்தம்.

கை பழகியதும் ஓட்டை எண்ணும் சோதனை. கண்ணுக்கே தெரியாத வைரஸை எண்ண இதைவிட அழகான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தட்டின் அடியில் செல்களைப் பாய் விரித்ததுபோல ஒற்றை அடுக்காக வளர்ப்பார்கள். வைரஸ் கலந்த திரவத்தைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றையும் தனித்தனித் தட்டில் விடுவார்கள். மேலே கூழ்போல அகார். கூழ் மூடியிருப்பதால் வைரஸ் நீந்திப் பரவ முடியாது, பக்கத்துச் செல்லுக்கு மட்டுமே தாவும். சில நாள் கழித்து ஊதாச் சாயம் போட்டால் உயிருள்ள செல்கள் நிறம் பிடிக்கும், செத்த இடம் வெறும் வட்டமாகத் தெரியும். அதுதான் ஓட்டை. ஒரு வட்டம் என்றால் அங்கே முதலில் வந்து இறங்கியது ஒரு வைரஸ் என்று கணக்கு. லட்சம் மடங்கு நீர்த்த திரவத்தில் 0.1 மில்லிலிட்டர் விட்டு 40 ஓட்டை விழுந்தால், மூலத் திரவத்தின் ஒரு மில்லிலிட்டரில் 4 கோடி வைரஸ்.

சரி, இன்னும் பத்து மடங்கு நீர்த்த அடுத்த தட்டில் எத்தனை? ஏறக்குறைய 4 இருக்க வேண்டும். 15 இருந்தால் மாணவர் பிப்பெட்டின் முனையை மாற்ற மறந்திருக்கிறார், முந்தைய குழாயின் வைரஸ் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. இப்படித் தன் எண்ணைத் தானே சந்தேகிக்கப் பழக்குவதில்தான் பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி போகிறது.

காரணம் இருக்கிறது. தடுப்பூசிக்காகப் போலியோ வைரஸை ஃபார்மலின் என்ற ரசாயனத்தில் ஊறவைத்துக் கொன்றபோது நாளாக ஆக எண்ணிக்கை வரைபடத்தில் நேர்கோடாக இறங்கியது. கோட்டை அப்படியே நீட்டி, இத்தனை நாளில் எல்லாம் செத்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் கட்டியாக ஒட்டிக்கிடந்த வைரஸ்களுக்குள் ஃபார்மலின் சரியாக இறங்கவில்லை. கோடு கடைசியில் வளைந்து வால் விட்டது. 1955இல் அமெரிக்காவின் கட்டர் நிறுவனத் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இருந்து, சுமார் 200 பேருக்குப் பக்கவாதம் வந்தது, 10 பேர் இறந்தார்கள். சோதனைக் குரங்குகள் முடங்கியதை பெர்னிஸ் எடி என்ற விஞ்ஞானி முன்பே பார்த்து மேலிடத்தில் சொல்லியிருந்தார். கேட்டுக்கொள்ள ஆளில்லை.

இன்னொரு பாடம் 1960களில் குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸ் தந்தது. ஃபார்மலினில் கொன்ற வைரஸை ஊசியாகப் போட்டதும் இரத்தத்தில் எதிர்ப்பொருள், அதாவது கிருமியைப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதம், வந்தது. ஆனால் ஒரு பரிசோதனையில், ஊசி போட்டும் தொற்று வந்த குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இரு குழந்தைகள் இறந்தன. அந்த எதிர்ப்பொருள் வைரஸில் ஒட்டியது, ஆனால் அதைச் சரியாகத் தடுக்கவில்லை. அதனால்தான் மாணவர்கள் இரண்டையும் தனித்தனியாக அளக்கக் கற்கிறார்கள்: ஒட்டுகிறதா என்பதற்கு நிறம் மாறும் சோதனை, தடுக்கிறதா என்பதற்கு அதே ஓட்டைத் தட்டு. எதிர்ப்பொருள் இருக்கும் இரத்தச் சீரத்தோடு (செல்கள் நீக்கிய இரத்தத் திரவம்) வைரஸைக் கலந்து விட்டால் ஓட்டைகள் குறைய வேண்டும்.

ஒட்டிய எதிர்ப்பொருள் ஏன் தடுக்கவில்லை என்ற புதிர் அவிழ்ந்ததில் இடநெருக்கடிக்கும் ஒரு பங்கு உண்டு. 2008இல் ஜேசன் மெக்லெல்லன் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசி ஆய்வு மையத்துக்கு எச்.ஐ.வி. ஆராய வந்தார். தன் குழு இருந்த மாடியில் இடமில்லாமல் வேறொரு மாடியில் உட்கார, அங்கே இருந்தவர் பல வருடங்களாக ஆர்.எஸ்.வி.யோடு மல்லுக்கட்டிய பார்னி கிரஹாம். ஆர்.எஸ்.வி. செல்லுக்குள் நுழைய உதவும் எஃப் புரதம், செல்லோடு இணைவதற்கு முன் ஒரு வடிவிலும் பின் வேறு வடிவிலும் இருக்கும். வலுவாகத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் முதல் வடிவத்தைத்தான் பிடிக்கின்றன. அந்த வடிவத்தை 2013இல் இவர்களின் குழு படம்பிடித்து, மாறாமல் பூட்டியும் காட்டியது. 2023இல் ஆர்.எஸ்.வி. தடுப்பூசிகளுக்கு ஒப்புதல் கிடைத்தது.

அப்புறம் மெக்லெல்லன் டெக்சாஸில் சொந்த ஆய்வுக்கூடம் வைத்தார். 2020 பிப்ரவரியில் கொரோனா வைரஸின் மேல் முள்போல நீட்டியிருக்கும் கூர்ப்புரதத்தின் வடிவம் அங்கிருந்து வெளிவந்தபோது, கட்டுரையின் முதலாசிரியர்களில் ஒருவர் இன்னும் முனைவர் பட்டம் முடிக்காத மாணவர்.