எண்டர் தட்டுவதற்கு முந்தைய அரை நிமிடம்

கூகுள் தேடுபெட்டியில் ‘டூ எ பேரல் ரோல்’ என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். பக்கம் மொத்தமும் ஒரு குட்டிக்கரணம் அடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் நேராக நின்றுகொள்ளும். வகுப்பில் புரொஜெக்டர் வைத்துக் காட்டினால் சிரிப்பலை நிச்சயம். “சார், இன்னொரு தடவை!” என்பார்கள். இரண்டாம் தடவை பாதிச் சிரிப்புதான். மூன்றாம் தடவைக்குள் கடைசி பெஞ்ச் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கும்.

இப்படி ஒளித்துவைத்த குறும்புகளுக்கு ஈஸ்டர் எக் என்று பெயர். ஈஸ்டர் பண்டிகையில் பிள்ளைகள் முட்டை தேடும் விளையாட்டிலிருந்து வந்த சொல். வீடியோ விளையாட்டை எழுதியவரின் பெயரை அடாரி நிறுவனம் வெளியே சொல்லாத காலம் ஒன்று இருந்தது. ‘அட்வென்சர்’ என்ற விளையாட்டை எழுதிய வாரன் ராபினெட், அதற்குள் ஒரு ரகசிய அறை கட்டித் தன் பெயரை அங்கே எழுதிவைத்தார். திரையில் ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் ஒரு பொருளைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு போனால்தான் அந்த அறைக்கு வழி கிடைக்கும்.

சரி, மூன்றாம் தடவை ஏன் சிரிப்பு வரவில்லை? வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞரின் குரங்குச் சோதனைகள் இதற்கு விடை தருகின்றன. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் துள்ளின. ஒரு சைகை வந்தால் சாறு வரும் என்று பழகிப்போன பிறகு, சாறு வந்தபோது அவை சும்மா இருந்தன. சைகை வரும் கணத்திலேயே துள்ளி முடித்துவிட்டன. அதாவது, அந்த அணுக்கள் பரிசைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கவனிக்கின்றன.

ஆசிரியருக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை 2014-இல் வெளிவந்தது. மத்தியாஸ் குருபரும் சகாக்களும் சிலரிடம் பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டு, விடையைச் சில நொடிகள் தாமதித்துக் காட்டினார்கள். இடையில் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முகம் திரையில் வந்துபோனது. ஆவலைத் தூண்டிய கேள்விகளின் விடைகள் நன்றாக நினைவில் நின்றதில் வியப்பில்லை. ஆனால், அந்த ஆவலான காத்திருப்பில் வந்துபோன முகங்களும் கூடுதலாக நினைவில் நின்றன! விடைக்காகக் காத்திருக்கும்போது மூளை வாசலை அகலத் திறந்து வைத்திருக்கிறது. பக்கத்தில் போகிறவர்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

ஆகவே, வகுப்பில் இந்தக் குறும்புகளைக் காட்டுகிறவர் எண்டரைத் தட்ட அவசரப்படக் கூடாது. சொற்களைத் தட்டி வைத்துவிட்டு விரலை எடுத்துவிட வேண்டும். என்ன நடக்கும் என்று எல்லோரும் நோட்டில் எழுதட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’. நாம் ‘அத்தி பூத்தாற்போல’ என்கிற இடத்தில் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். இதைத் தேடினால் கூகுளின் கால்குலேட்டர் எழுந்துவந்து 1.16699016 × 10⁻⁸ ஹெர்ட்ஸ் என்று முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு பதில் சொல்லும். பை என்ற எண்ணைப் போலவே இந்தத் தொடருக்கும் ஒரு மதிப்பு கொடுத்து உள்ளே வைத்திருக்கிறார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது?

ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை முறை என்பது. எண்ணைத் தலைகீழாக்கினால் (ஒன்றை அதனால் வகுத்தால்) சுமார் 8 கோடியே 57 லட்சம் நொடிகள் வரும். ஒரு நாளைக்கு 86,400 நொடி. வகுத்தால் ஏறக்குறைய 992 நாள், அதாவது 2.7 ஆண்டு. இப்போது நிலவுக்குப் போவோம். ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால், இரண்டாவதை நீல நிலா என்பது வழக்கம் (நிறம் மாறாது, பெயர்தான்). பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுமார் 29.53 நாள். 19 ஆண்டுகளில் 228 மாதங்கள். ஆனால் பௌர்ணமிகள் 235. மிச்சம் ஏழு. ஏழு பௌர்ணமிகளுக்குத் தனி மாதம் இல்லை. ஏற்கெனவே பௌர்ணமி வந்துபோன மாதங்களில்தான் அவை ஒண்டிக்கொள்ள வேண்டும். 19-ஐ ஏழால் வகுத்தால் 2.71. கூகுளின் நகைச்சுவை எண்ணும், 19 ஆண்டுச் சுழற்சி என்று வானியலில் காலங்காலமாகத் தெரிந்த கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அலைவெண், பத்தின் அடுக்குகள், அலகு மாற்றம், நிலவின் சுழற்சி: ஒரு பீரியடுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்!

குட்டிக்கரணத்துக்கு வருவோம். எண்டர் தட்டுமுன் ஒரு கேள்வி: பக்கம் சுழலும்போது நகராமல் நிற்கும் புள்ளி எது? உள்ளே நடப்பது இதுதான். சுழன்ற படம் எதையும் கூகுளின் சர்வர் அனுப்புவதில்லை. பக்கத்தை 0 டிகிரியிலிருந்து 360 டிகிரிவரை திருப்பு என்ற கட்டளைதான் வருகிறது. பிரவுசர் ஒவ்வொரு கணத்துக்கும் கோணத்தைக் கொஞ்சம் கூட்டி, நொடிக்குப் பல முறை பக்கத்தைத் திரும்ப வரைகிறது. ஒவ்வொரு புள்ளியின் புதிய இடத்தையும் அதன் பழைய இடத்தோடு சைனையும் கொசைனையும் பெருக்கிக் கண்டுபிடிக்கிறது. “திரிகோணமிதி எதுக்கு சார்?” என்று கேட்டவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஒரு சின்ன வலையும் விரிக்கலாம். கணக்குப் புத்தகத்தில் மிகைக் கோணம் இடஞ்சுழி. பிரவுசரில் அதுவே வலஞ்சுழி. காரணம், திரையில் செங்குத்து அச்சு மேலிருந்து கீழே எண்ணப்படுகிறது.

‘ரிகர்ஷன்’ (நிரல் தன்னைத் தானே அழைப்பது) என்று தேடினால், ‘நீங்கள் தேடியது ரிகர்ஷனா?’ என்று கேட்கும். சொடுக்கினால் மறுபடி அதே கேள்வி. தன்னைத் தானே அழைக்கும் நிரலுக்கு எங்கே நிற்பது என்று சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டு சொடுக்கில் காட்டிவிடலாம்.

கணித அறிஞர் ஒருவர் உருவாக்கிய ‘கான்வேயின் கேம் ஆஃப் லைஃப்’ விளையாட்டைத் தேடினால் பக்கத்தின் ஓரத்தில் கட்டங்கள் உயிர்பெற்று ஊர ஆரம்பிக்கும். அண்டை வீட்டுக் கட்டங்களை எண்ணும் சில எளிய விதிகள்தான் அத்தனைக்கும் காரணம். விதியைச் சொல்லாமல், பார்த்தே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நேரம் நிறைய ஆகும், பரவாயில்லை. நாசாவின் டார்ட் விண்கலத்தைத் தேடினால் ஒரு விண்கலம் குறுக்கே பறந்து மோதிப் பக்கத்தைச் சாய்த்துவிடும். நிஜக் கலம் 2022 செப்டம்பர் 26-இல் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் மோதியது. தன்னைவிடப் பெரிய இன்னொரு சிறுகோளை டைமார்ஃபஸ் சுற்றிவரும் நேரம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து 11 மணி 23 நிமிடமாகக் குறைந்தது. மோதினால் சுற்று நேரம் கூடுமா, குறையுமா? இதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

எல்லாக் குறும்பும் பாடமாகாது. 1998-இல் ஹார்ப், மேயர் என்ற இருவர் மின்னல் உருவாகும் விதம் பற்றிய பாடத்தில், சுவையான ஆனால் விளக்கத்துக்கு உதவாத துணுக்குகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தத் துணுக்குகளோடு படித்தவர்கள் முக்கியக் கருத்துகளைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். தாவரவியல் வகுப்பைத் தொடங்கும்போது பக்கத்தைக் குட்டிக்கரணம் போட வைப்பது இந்த ரகம். சிரிப்பு தீர்ந்த பிறகும் மாணவரின் மனம் சுழலும் பக்கத்திலேயே நிற்கும், இலைத்துளைக்கு வராது.

அப்புறம், முதல்நாளே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இந்தக் குறும்புகள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். கம்ப்யூட்டரில் வருவது போனில் வராமலும் போகலாம். நான் ஒருமுறை நாற்பது பேர் முன்னால் எண்டர் தட்டிவிட்டு, அசையாத பக்கத்தோடு அசையாமல் நின்றிருக்கிறேன். சுழலும் திரையைப் பார்த்தால் தலைசுற்றுபவர்களும் வகுப்பில் இருப்பார்கள். அவர்களிடம் முன்பே சொல்லிவிடலாம்; கண்ணை மூடிக்கொண்டாலும் நோட்டில் எழுதிய கணிப்பு அவர்களுக்கும் இருக்கிறது.