அண்டாவின் நடுவில் எத்தனை டிகிரி?

உணவகச் சமையலறைகளுக்குப் பயிற்சி அளிக்கச் செல்லும்போது, உணவின் சூட்டை அளக்கும் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் இருக்கிறது என்றே பதில் வரும். ஆனால் அது மேலாளரின் மேசை இழுப்பறையிலிருந்து, உறைகூடப் பிரிக்கப்படாமல் வெளியே வரும். அடுப்படியில் நிற்கும் மாஸ்டரின் கைக்கு எட்டாத தெர்மாமீட்டரால் சாப்பிட வருபவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

அனுபவமுள்ள மாஸ்டர்களின் கைப்பக்குவத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அழிந்துவிட்டனவா என்பதை நிறத்தாலோ மணத்தாலோ அறிய முடியாது. சிக்கன் 65 மசாலாவின் சிவப்பாலேயே வெந்ததுபோல் தோன்றும். பெரிய லெக் பீஸில் எலும்பை ஒட்டிய சதை அப்போதும் வேகாமல் இருக்கலாம். ஃப்ரீஸரில் இருந்த கறி முழுதாக இளகுவதற்கு முன்பே எண்ணெயில் இடப்பட்டால் இந்த ஆபத்து இன்னும் கூடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அரிசிக்குச் சரி; துண்டுக்குத் துண்டு பருமன் மாறும் கோழிக்கறிக்குச் சரிவராது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவுகோல் தெளிவானது. அசைவ உணவின் நடுப்பகுதி 65 டிகிரி செல்சியஸில் 10 நிமிடமோ, 70 டிகிரியில் 2 நிமிடமோ, 75 டிகிரியில் 15 விநாடியோ இருந்தாக வேண்டும். வேலை நெருக்கடியில் மூன்றையும் நினைவில் வைப்பது கடினம் என்பதால், 75 என்ற ஒரே எண்ணைச் சுவரில் எழுதி வைக்கச் சொல்கிறேன். அளக்கும்போது தெர்மாமீட்டர் கம்பியின் முனை துண்டின் மிகத் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல் இருக்க வேண்டும். கறியைத் தொடாமல் துப்பாக்கிபோல் நீட்டி அளக்கும் அகச்சிவப்புக் கருவி மேற்பரப்பின் வெப்பத்தை மட்டுமே காட்டும். உள்ளே வெந்ததா என்பதற்கு அது உதவாது. பச்சைக் கறியில் குத்திய கம்பியைக் கிருமிநாசினியால் துடைக்காமல் வெந்த கறியில் குத்தினால், கருவியே கிருமியைக் கடத்திவிடும்.

தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்பதை அறிய, பொடித்த ஐஸ் நிறைந்த நீரில் கம்பியை வைத்துப் பார்த்தால் போதும். 0 டிகிரி காட்ட வேண்டும். கொதிநீரில் 100 காட்டும் என்பது சென்னைக்குப் பொருந்தும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், மலையூர்களில் ஐஸ் நீர்ச் சோதனையே நம்பகமானது.

ஷவர்மா கம்பியில் வெளிப்புறம் மட்டுமே முழுதாக வேகிறது. கூட்ட நேரத்தில் ஆழமாகச் சீவும்போது உள்ளிருக்கும் அரைவேக்காட்டுக் கறியும் சேர்ந்து வந்துவிடுகிறது. சீவியதைச் சூடான கல்லில் மீண்டும் புரட்டி, 75 டிகிரி வந்ததை உறுதிசெய்த பிறகே ரொட்டியில் வைக்க வேண்டும். உடன் தரும் பச்சை முட்டை மயோனைஸில் வேகவைத்தல் என்ற கட்டமே இல்லை. அதனால்தான் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்தது.

எனினும் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வெந்த பிறகு நடப்பதுதான். பேசில்லஸ் சீரியஸ், க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் ஆகிய கிருமிகளின் வித்துகள் (உறங்குநிலை வடிவங்கள்) சமையல் சூட்டையும் தாங்கி உயிர் பிழைக்கக்கூடியவை. மீந்த சோற்றையும் குழம்பையும் அண்டாவோடு மூடி இரவு முழுவதும் வெளியே விட்டால், நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருந்து அவை பெருக இடம் தரும். பேசில்லஸ் சீரியஸ் சோற்றில் உண்டாக்கும், வாந்தியை வரவழைக்கும் நச்சு, மறுநாள் எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. ஆகவே எடுத்து வைக்கும் உணவை அகலமான தட்டுகளில் மெல்லிதாகப் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கும், அடுத்த 2 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்கிவிட வேண்டும். பந்திக்குக் காத்திருக்கும் சைவ உணவு 65 டிகிரிக்கும், அசைவ உணவு 70 டிகிரிக்கும் குறையக் கூடாது. ஆறிய குழம்பில் வெந்நீர் ஊற்றுவதும், பரிமாறும் மேசையின் வெந்நீர்த் தொட்டியில் வைப்பதும் மறுசூடு ஆகாது. அடுப்பில் ஏற்றி, நடுப்பகுதி 75 டிகிரியில் 2 நிமிடம் நிற்க வேண்டும்.

இறுதியாக, அளந்த வெப்பத்தைக் குறித்து வைக்கும் பதிவேடு. மாதம் முழுவதும் எல்லாக் கட்டங்களிலும் 75, 75 என்று ஒரே கையெழுத்தில் நிரப்பப்பட்ட ஏடுகளை நான் பார்த்திருக்கிறேன். உண்மையாக அளந்திருந்தால் 78 வரும், 82 வரும், சில நாள் 68-உம் வரும். 68 என்று எழுதி, அதன் பக்கத்தில் மீண்டும் அடுப்பில் ஏற்றிய நேரத்தையும் பிறகு வந்த அளவையும் குறித்த மாஸ்டரை உரிமையாளர் கண்டிக்காமல் பாராட்ட வேண்டும். அப்படிச் செய்யும் சமையலறைகளில்தான் ஏட்டிலுள்ள எண்களை நான் நம்புகிறேன்.