கட்சிக்குக் கொடுக்கும் பணம்: நம் கடைக்காரர்கள் அறிய வேண்டிய சட்டம்

தேர்தல் வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம்மவர் கடைகளில் நன்கொடை கேட்டு ஆட்கள் வருவது வழக்கம். கொடுத்தால் பெயர் வெளியே வருமோ என்று பலர் தயங்குகிறார்கள். சிறு தொகை கொடுப்பவருக்கு அந்தப் பயம் வேண்டாம்.

அரசியல் கட்சி நிதிச் சட்டம் 2018இல் இயற்றப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரே நிதியாண்டில் ஒருவர் ஒரு கட்சிக்குத் தரும் மொத்தம் 2 லட்சம் ராண்டைத் தாண்டினால்தான் கட்சி அதைத் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். ஆணையம் அந்த விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும். 2025 வரை இந்த வரம்பு 1 லட்சமாக இருந்தது. ஒருவர் ஓர் ஆண்டில் ஒரு கட்சிக்கு 3 கோடி ராண்டுக்கு மேல் தரவே கூடாது. அதுவும் முன்பு ஒன்றரைக் கோடிதான். இரண்டையும் இரட்டிப்பாக்கியது எனக்கு உடன்பாடில்லை. பெரும்பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தானே இந்தச் சட்டமே வந்தது?

பணம் மட்டும் நன்கொடை அல்ல. மண்டபத்தை வாடகையின்றி விட்டாலும், துண்டறிக்கையை இலவசமாக அச்சடித்துத் தந்தாலும், கூட்டத்துக்குப் பிரியாணி அனுப்பினாலும் அதன் மதிப்பு கணக்கில் சேரும். வீடு வீடாக நடந்து வாக்குக் கேட்கும் தொண்டரின் உழைப்பு சேராது.

அரசும் கட்சிகளுக்குப் பணம் தருகிறது. நம்மைப் போன்ற சிறுபான்மையினர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நாடாளுமன்றத்திலோ மாகாணச் சட்டமன்றத்திலோ இடம் பிடித்த கட்சிக்கே அந்த நிதி கிடைக்கும். முன்பு அதில் மூன்றில் ஒரு பங்கு, இடங்களின் எண்ணிக்கையைப் பாராமல் பிரித்துத் தரும் சமநிலைப் பங்காக ஒதுக்கப்பட்டது. சிறிய கட்சிகள் அதைக்கொண்டுதான் மூச்சுவிட்டன. 2024இல் அந்தப் பங்கு 10 விழுக்காடானது. மீதி 90 விழுக்காடு, பிடித்த இடங்களின் விகிதப்படி போகிறது.

அமிச்சந்த் ராஜ்பன்சி தொடங்கிய மைனாரிட்டி ஃப்ரண்ட் கட்சி, இந்திய வம்சாவளியினரின் வாக்கை நம்பியே வளர்ந்தது. 2019இல் நம் குவாசுலு-நடால் மாகாணச் சட்டமன்றத்தின் 80 இடங்களில் ஒன்று அதன் கையில் இருந்தது. 2024இல் அதுவும் போயிற்று. அந்த ஒரு நாற்காலி போனால் அரசு நிதிக்கான தகுதியும் சேர்ந்தே போய்விடுகிறது. அடுத்த தேர்தலுக்கு அப்படிப்பட்ட கட்சி நம் தெருக்களில் கிடைக்கும் காசை நம்பியே எழ வேண்டும். ஒரு சமூகத்தின் குரல் சட்டமன்றத்தில் ஒலிப்பதும் ஒலிக்காததும் இப்படிச் சில ஆயிரம் வாக்குகளில் தொங்குவது எனக்கு வேதனை தருகிறது.

எந்தக் கட்சிக்குக் கொடுத்தாலும் ஒன்றைப் பாருங்கள். கட்சி உறுப்பினர் தன் பெயரில் அரசியல் நன்கொடை வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. கட்சியின் சார்பில்தான் வாங்கலாம். ஆகவே கட்சியின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். கட்சிப் பெயரில் ரசீது கேட்டு வாங்குங்கள்.