கித்துள்: சொல்லும் மரமும்

ஹட்டனில் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போகிறவர்கள் கினிகத்தேனை தாண்டி இறங்கும்போது கித்துல்கலையைக் கடந்துதான் போகவேண்டும். 'கல' என்றால் சிங்களத்தில் பாறை. முன்பாதிதான் இங்கே நாம் பார்க்கப்போகும் சொல்: இனிப்பு நீர் தரும் கித்துள் மரத்தின் பெயர்.

சிங்களத்தில் அது 'கிதுல்'. தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றைத் தகரம் மெலிந்துவிடும். ஒலி கெடாதிருக்க நாம் ஒரு 'த்' சேர்த்துக்கொண்டோம். முடிவில் லகரமா, ளகரமா? மூலத்தைப் பார்த்தால் லகரம்தான். ஆனாலும் மரத்துக்கும் அதன் பாகான பாணிக்கும் 'கித்துள்' என்று எழுதுவது பரவலாகிவிட்டது. இனி அதைத் திருத்தப் புறப்படுவது வீண்வேலை.

சொல் பழையது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் மரத்தைக் 'கெட்டூல்' என்றும், அதன் இனிப்பு நீரைத் 'தெல்லெஜி' என்றும் எழுதுகிறார். சாதாரண மரமே நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் தரும் என்பது அவர் கணக்கு. சிங்கள ஊர்களில் அந்த நீர் இன்றும் 'தெலிஜ்ஜ'தான்.

அப்படியானால் தமிழில் பேரில்லையா? உண்டு: கூந்தற்பனை. திப்பிலிப்பனை என்றும் சொல்வார்கள். பாளை வெடித்ததும் பூங்கதிர்கள் ஆளுயரத்துக்கும் மேலாகச் சரஞ்சரமாகத் தொங்கும், அவிழ்த்துவிட்ட கூந்தலேதான். பெயர் வைத்தவர் மரத்தடியில் நின்று பார்த்தவர். ஆனால் தமிழகத்திலிருந்து மலையகத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலர் பனை விளையும் வறண்ட சீமைக்காரர்கள். இங்கே புதிதாகக் கண்ட மரத்தை, அதன் பாளையைச் சீவி நீர் இறக்குகிற சிங்கள அயலூர்க்காரர் சொன்ன பெயராலேயே அழைத்தார்கள். என்னைக் கேட்டால் பேச்சிலும் சந்தையிலும் கித்துள் இருக்கட்டும். பாடப்புத்தகத்தில் கூந்தற்பனையையும் சேர்த்து எழுதலாம். வெறுமனே 'பனை' என்று எழுதுவதுதான் தவறு. பனையோலை விசிறி போல் விரியும், கித்துள் இலையோ கிளைத்துக் கிளைத்து, ஒவ்வொரு சிற்றிலையும் மீன்வால் போல முடியும்.

நீரைக் காய்ச்சினால் பாணி, இன்னும் இறுக்கினால் கருப்பட்டி. கருப்பட்டி நம் சொல், கருப்புக்கட்டி என்பதன் மரூஉ. சிங்கள 'ஹகுரு'வும் நம் 'சர்க்கரை'யும் வடமொழிச் 'சர்க்கரா'வின் பிள்ளைகள். பிளேன்டீக்கு இந்தக் கருப்பட்டியை ஒரு கடி கடித்துக் குடித்தவருக்குச் சீனித் தேத்தண்ணி இறங்காது. சீனி கலந்த பாணியும் கடைகளில் புழங்குகிறது என்பது வேறு கதை.

தாவரவியலில் இதன் பெயர் கேரியோட்டா யூரென்ஸ்; 1753இல் லின்னேயஸ் இட்டது. 'யூரென்ஸ்' என்பதற்கு எரிச்சலூட்டுவது என்று பொருள். கன்று வளர்க்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதைத்தான். பழச்சதையில் ஊசி ஊசியாகக் கல்சியம் ஒக்சலேட் படிகங்கள் உண்டு. வெறுங்கையால் பிசைந்தால் அரிப்புத் தாங்காது. கையில் பொலித்தீன் உறையை மாட்டிக்கொண்டு, நன்றாகச் சிவந்து கனிந்த பழத்தை மணலோடு தேய்த்துக் கழுவி விதையை எடுக்கவேண்டும். காயப்போட்டு வைக்கக்கூடாது. நிழலில் ஈரமணற் பாத்தி போட்டு உடனே ஊன்றுங்கள். முளைக்கப் பல மாதம் ஆகும், அதுவும் ஒன்றாக வராது. ஒன்று தலைகாட்டும்போது பக்கத்தில் உள்ளது உறங்கிக்கொண்டிருக்கும். பொறுமை இல்லாதவர் மரநாயை நம்பலாம். அது பழம் தின்று விதையைக் கழித்துவிட்டுப் போன இடங்களில் கன்றுகள் தாமாக நிற்கும். சிறிதாக இருக்கும்போதே வேரோடு மண்ணையும் சேர்த்து அகழ்ந்து எடுக்கலாம்.

கன்றை ஆழமான பையில் வளர்த்து, மழை பிடித்ததும் நிலத்துக்கு மாற்றுங்கள். இளமையில் நிழல் வேண்டும். ஓடைக்கரை, வாழைக்கும் கோப்பிக்கும் இடைப்பட்ட இடம் நல்லது. கண்டி, மாத்தளை, பதுளைச் சரிவுகளில் நன்றாக வரும். 1500 மீற்றருக்கு மேலே அரிது. ஆகவே நுவரெலியாக் குளிரில் நட்டு ஏமாறவேண்டாம்.

பூக்கப் பத்துப் பதினைந்து ஆண்டு செல்லும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் பின்வாசலில் நாலடி நிலம், அதுவும் சொந்தமில்லை என்றிருப்பவரிடம் இவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்வது எளிதல்ல. நம்மவர் பலர் பாணியை வாங்குகிறவர்களாகவே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று: முதற்பாளை உச்சியில் வரும், அடுத்தடுத்தவை கீழே கீழே இறங்கும். கடைசிப் பாளை காய்த்து முடிந்தால் மரமும் பட்டுவிடும். அடியில் பக்கக்கன்று விடாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே மழைக்கு நட்டுவிடாமல், வருஷத்துக்கு இரண்டு கன்றாக வையுங்கள். ஒன்று பட்டுப்போகும்போது அடுத்தது சீவும் பருவத்துக்கு வந்திருக்கும்.