இன்டகிரேட்டிவ் மெடிசின்: ஒருங்கிணைந்ததா, ஒருங்கிணைப்பதா?

மாற்று மருத்துவம், கூட்டு மருத்துவம், கலப்பு மருத்துவம், முழுமை மருத்துவம், ஒருங்கிணைந்த மருத்துவம் என்று, வழக்கமான சிகிச்சையோடு மூலிகை, அக்குபங்சர், தியானம் போன்றவற்றையும் ஒரே திட்டத்தில் சேர்க்கும் 'இன்டகிரேட்டிவ் மெடிசின்' என்ற இந்த ஒரு துறைக்குத் தமிழில் ஐந்து பெயராவது புழங்குகிறது. இவற்றில் மூன்று வேறு பொருள் தருபவை, ஒன்று நேர் எதிர்ப்பொருள் தருவது.

மூலச்சொல்லிலிருந்து தொடங்கலாம். இலத்தீனில் 'இன்டெகெர்' என்றால் தொடப்படாதது. 'இன்' என்ற எதிர்மறை முன்னொட்டும், தொடுதலைக் குறிக்கும் 'தாங்கெரே' என்ற வினையின் வேரும் சேர்ந்தது. கைபடாதது குறைபடாதது, குறைபடாதது முழுமையானது என்று பொருள் நகர்ந்தது. கணக்கில் 'முழு எண்' என்கிறோமே, அதன் ஆங்கிலப் பெயரும் இதே சொல்தான். இதிலிருந்து வந்த 'இன்டெக்ராரே' என்ற வினைக்கு மீண்டும் முழுமையாக்குதல் என்று பொருள். பகுதிகளைச் சேர்த்து ஒன்றாக்குவது என்பது பின்னால் ஏறியது.

மருத்துவத்தில் இந்த அடைமொழி வந்து சேர்ந்த வழியை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஒரு பிரிவின் பெயர்ப்பலகையே காட்டிவிடும். 1990களின் தொடக்கத்தில் அது 'மாற்று மருத்துவ அலுவலகம்'. 1998இல் 'நிரப்பு மற்றும் மாற்று மருத்துவ மையம்' ஆனது. 2014 டிசம்பரில் 'மாற்று' உதிர்ந்து, அந்த இடத்தில் 'இன்டகிரேட்டிவ்' வந்தது. பல்கலைக்கழகங்கள் முந்திக்கொண்டன. அரிசோனா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ஆண்ட்ரூ வைல் 1994இலேயே இந்தப் பெயரில் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். பலகை மாறியதே தவிர உள்ளே இருந்தது மாறவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. சான்றில்லாத முறைகளும் இந்தப் பெயரின் நிழலில் ஒதுங்கியிருப்பதால், அந்தக் குறையை முழுக்கத் தள்ளிவிட முடியாது.

மாற்று, நிரப்பு, இன்டகிரேட்டிவ் என்ற மூன்று சொற்களையும் பிரிக்கும் கோடு எளிது. கீமோதெரபி வேண்டாம், மூலிகை மட்டும் போதும் என்றால் அது மாற்று. கீமோதெரபி ஒரு பக்கம் நடக்க, வாந்திக்கு வேறெங்கோ போய் அக்குபங்சர் செய்துகொண்டால் அது நிரப்பு. இரண்டையும் ஒரே சிகிச்சைத் திட்டத்தில் எழுதி, ஒன்று மற்றதைக் கெடுக்கிறதா என்று பார்த்து, ஒரு மருத்துவர் பொறுப்பேற்றால்தான் அது இன்டகிரேட்டிவ். இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. மார்பு, புராஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களில் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட அவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 2.5 மடங்கு. 2018இல் வெளியான இந்த முடிவு மாற்று மருத்துவத்தைப் பற்றியது. அதை ஒருங்கிணைப்பின் தலையில் கட்டுவதும் தவறு, 'மாற்று' என்ற சொல்லை இத்துறைக்குப் பயன்படுத்துவதும் தவறு.

அந்தப் பொறுப்பு நடைமுறையில் எப்படி இருக்கும்? பல்கலைக்கழக மருத்துவமனையில் இத்துறை மருத்துவர் முதல் சந்திப்புக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குவார். வீட்டில் இருக்கும் மாத்திரை, சூரணம், வைட்டமின் அத்தனையையும் புட்டியோடு கொண்டுவரச் சொல்வார். பெயரை மட்டும் கேட்டால் போதாது. மூலிகையையும் வைட்டமினையும் 'மருந்து' என்று பலர் எண்ணுவதில்லை, அதனால் சொல்வதும் இல்லை. லேபிளில் அளவும் சேர்மானமும் பார்த்தால்தான் கணக்கு போட முடியும். அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் உப்பைத் தங்கவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்று மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவருக்கு விடை அவர் கொண்டுவந்த புட்டிகளில் இருக்கலாம்.

மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லத்தக்க ஒரு நிகழ்வு 2000இல் சூரிச்சிலிருந்து பதிவானது. இதய மாற்று அறுவை செய்துகொண்ட இருவர், உடல் புது இதயத்தை நிராகரிக்காமலிருக்க சைக்ளோஸ்போரின் எடுத்துவந்தார்கள். மனச்சோர்வுக்கென்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மூலிகை கல்லீரலிலும் குடலிலும் உள்ள சிஒய்பி3ஏ4 நொதியைத் தூண்டி, சைக்ளோஸ்போரினை வழக்கத்தைவிட வேகமாகச் சிதைத்துவிட்டது. இரத்தத்தில் மருந்தளவு விழுந்தது, நிராகரிப்பு தொடங்கியது. மூலிகையை நிறுத்திய பின் அளவு பழைய நிலைக்கு வந்தது. இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. மூலிகை இருப்பது தெரியாமல் சைக்ளோஸ்போரினைக் கூட்டிவைத்திருந்தால், மூலிகையை நிறுத்தியதும் நொதியின் வேகம் ஓரிரு வாரங்களில் தணியும், மருந்தளவு ஏறும், சிறுநீரகம் பாதிக்கப்படும். எனவே "நிறுத்துங்கள்" என்று சொல்லி அனுப்பினால் போதாது. அடுத்த சில வாரங்களுக்கு இரத்த அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மருந்தில்லாத சிகிச்சைக்கும் இதே கறார் தேவை. "தியானம் செய்யுங்கள்" என்பது மருந்துச்சீட்டு ஆகாது. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபட்-ஜின் வகுத்த மனக்கவன (மைண்ட்ஃபுல்னெஸ்) தியானப் பயிற்சிக்கு அளவு உண்டு: 8 வாரம், வாரம் ஒருமுறை ஏறத்தாழ இரண்டரை மணி நேர வகுப்பு, இடையில் ஒரு முழுநாள், அன்றாடம் வீட்டுப் பயிற்சி. பாதி செய்துவிட்டுப் பலனில்லை என்பது, ஆண்டிபயாட்டிக்கை இரண்டாம் நாளே நிறுத்தியது போல.

இனி தமிழுக்கு வருவோம். 'கூட்டு மருத்துவம்' என்றால் காசநோய்க்கும் தொழுநோய்க்கும் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சை நினைவுக்கு வரும். 'கலப்பு' கலப்படத்துக்கு மிக அருகில் நிற்கிறது. 'முழுமை மருத்துவம்' உடலையும் மனத்தையும் ஒன்றாகப் பார்க்கும் 'ஹோலிஸ்டிக்' என்பதற்கு உரியது. நிரப்பு மருத்துவத்தைச் சிலர் 'துணை மருத்துவம்' என்கிறார்கள். பாராமெடிக்கல் படிப்புகளுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது.

மிஞ்சுவது 'ஒருங்கிணை'. ஒருங்கு என்றால் ஒருசேர. 'ஏனை இரண்டும் ஒருங்கு' என்று 760ஆம் குறளில் நிற்கும் அதே சொல். 'இணை'யோடு சேர்ந்தபின் பொருள் பொருந்துகிறது, சிக்கல் விகுதியில். 'ஒருங்கிணைந்த' தன்வினை, இறந்தகாலம்: தானாகச் சேர்ந்து, சேர்ந்து முடிந்தும் விட்டது. அது 'இன்டகிரேட்டட்' என்பதற்குச் சரி. 'இன்டகிரேட்டிவ்' சொல்வது செய்துகொண்டிருக்கும் வேலையை. ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக, எது சேரும், எது சேராது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்கும் வேலை அது. ஆகவே 'ஒருங்கிணைப்பு மருத்துவம்' என்பதே நெருக்கம். செய்தித்தாளில் 'ஒருங்கிணைந்த' வேரூன்றிவிட்டது, அதைப் படித்தால் யாருக்கும் விளங்காமல் போகாது. எழுதுகிறவர் தேர்ந்தெடுக்க முடிகிற இடத்தில் 'ஒருங்கிணைப்பு' என்று எழுதட்டும்.

அதைச் செய்பவர் 'ஒருங்கிணைப்பு மருத்துவர்'. 'ஒருங்கிணைப்பாளர்' என்று சுருக்கினால் கூட்டத்துக்கு நாற்காலி போட ஏற்பாடு செய்பவர் ஆகிவிடுவார். அவர் முடித்த 'ஃபெல்லோஷிப்'பை அகராதியைப் பார்த்து 'உதவித்தொகை' என்று மொழிபெயர்ப்பதும் நடக்கிறது. இங்கே அது மருத்துவப் பட்டத்துக்கும் துறைப் பயிற்சிக்கும் மேல் படிப்பது, பல இடங்களில் படிப்பவரே கட்டணம் கட்டுவது. 'உயர் சிறப்புப் பயிற்சி' என்றால் போதும்.